வேலை பயமில்லை, வேன்தான் பயம்: பெருந்தொற்று காலத்தில் வட சிலாங்கூர் தோட்டங்களிலிருந்து வேலைக்குப் போனது எப்படி?

காலை 5 மணி. பெஸ்தாரி ஜெயா பக்கத்தில் ஒரு தோட்டத்து வீடு என்று வைத்துக்கொள்வோம். அப்பாவுக்கு ரவாங்கில் செக்யூரிட்டி வேலை. அம்மா சுங்கை பூலோவில் ஒரு கட்டடத்தில் துப்புரவுப் பணி செய்கிறார். அண்ணனுக்கு மேருவில் தொழிற்சாலை ஷிப்ட். வீட்டில் பாட்டியும், பள்ளி மூடியதால் கைப்பேசியில் பாடம் படிக்கும் தங்கச்சியும்.

2020 மார்ச் 16ஆம் தேதி இரவு அப்போதைய பிரதமர் முஹிடின் யாசின் தொலைக்காட்சியில் பேசினார். மார்ச் 18 முதல் நாடு முழுக்க நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை, அதாவது பி.கே.பி. "வீட்டிலேயே இருங்கள்" என்பதுதான் செய்தி. ஆனால் இந்த வீட்டில் இருந்த பெரியவர்கள் மூன்று பேருமே மறுநாள் வேலைக்குக் கிளம்ப வேண்டியவர்கள். மூன்று பேர், மூன்று திசை, மூன்று வண்டி. திரும்பி வருவது ஒரே வீட்டுக்கு.

இது கற்பனை வீடுதான். ஆனால் கோல சிலாங்கூர், உலு சிலாங்கூர், சபாக் பெர்ணம் பக்கம் வளர்ந்த யாரிடமும் கேட்டுப் பாருங்க, "எங்க வீடும் அப்படித்தான் இருந்துச்சு" என்பார்கள். அந்த நாட்களைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் மருத்துவமனை, தடுப்பூசி, ஆன்லைன் வகுப்பு என்று பேசிவிட்டுப் போய்விடுகிறோம். வீட்டுக்கும் வேலைக்கும் நடுவில் இருந்த அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

வேலை ஏன் இவ்வளவு தூரத்தில்?

ஒரு காலத்தில் தோட்டத்தில் வேலை வாசலிலேயே இருந்தது. லயத்து வீட்டிலிருந்து பெரட்டுக்கு நடந்து போகலாம். பெஸ்தாரி ஜெயாவின் பழைய பெயர் பத்தாங் பெர்ஜுந்தை. அங்குள்ள தென்னைமரம் தோட்டத்தில்தான் 1917ல் ஹென்றி ஃபோக்கொனியே என்ற பிரெஞ்சுக்காரர் மலாயாவில் முதன்முதலாக வணிக நோக்கில் செம்பனை நட்டார். ஆங்கிலத்திலும் அந்தத் தோட்டத்துக்கு 'டென்னமரம்' என்றுதான் பெயர். தென்னை பெயர் கொண்ட தோட்டத்தில் செம்பனை!

அடுத்த ஆண்டு, 1918ல், உலகைச் சுற்றிய இன்ஃபுளுவென்சா மலாயாத் தோட்டங்களுக்குள்ளும் புகுந்தது. அப்போதைய ஆபத்து லயத்து நெரிசல். பக்கத்து வீட்டு இருமல் நம் வீட்டுச் சுவரைத் தாண்டி வரும். நூறு வருஷம் கழித்து வந்த கோவிட்-19ல் ஆபத்து வேறு இடத்துக்கு மாறியிருந்தது. காரணம், வாழும் இடம் அதே தோட்டப் பக்கம். சம்பாதிக்கும் இடம் 30, 40 கிலோமீட்டர் தள்ளி.

ரப்பர் போய் செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை கைகள் வேண்டியதில்லை. வேண்டிய கைகளும் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுடையதாக மாறின. பிள்ளைகள் தொழிற்சாலை, கிடங்கு, மருத்துவமனை, பாதுகாவல் என்று வெளியே போனார்கள். ஆனால் வீடு மாறவில்லை. பட்டணத்து வாடகை கட்டுப்படியாகாது என்பது ஒரு காரணம். சொந்த வீடு வரும் என்ற வாக்குறுதி இன்னொரு காரணம். மேரி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் என்ற ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள் வீட்டுக்காக எத்தனை ஆண்டுகள் காத்திருந்தன என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை.

சம்பளத்திலும் ஒரு கணக்கு இருந்தது. 2020 பிப்ரவரி 1 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 57 மாநகர, நகராண்மைப் பகுதிகளில் 1,200 ரிங்கிட். மற்ற இடங்களில் 1,100. கோல சிலாங்கூரும் உலு சிலாங்கூரும் அப்போது மாவட்ட மன்றப் பகுதிகள். ஷா ஆலாமும் கிள்ளானும் அப்படியில்லை. ஆக, சட்டப்படியே எல்லையைத் தாண்டி வேலைக்குப் போனால் 100 ரிங்கிட் கூடுதல். ஓ.டி. கிடைத்தால் இன்னும் கொஞ்சம். சும்மாவா அத்தனை மோட்டார் சைக்கிள்கள் விடிகாலையில் கிள்ளான் பக்கம் போகின்றன?

'அத்தியாவசியம்' என்று யாரைச் சொன்னார்கள்?

முதல் பி.கே.பி.யில் உணவு, தண்ணீர், மின்சாரம், சுகாதாரம், பாதுகாப்பு, துப்புரவு, துறைமுகம், வங்கி, தொலைத்தொடர்பு போன்ற சேவைகள் தொடரலாம் என்று அரசாங்கம் அறிவித்தது. நிபந்தனைகளோடு செம்பனைத் தோட்டங்களும் ஆலைகளும் இயங்கின. கையுறைத் தொழிற்சாலைகளை நிறுத்தவே முடியாத நிலை. உலகத்துக்கே அப்போது கையுறை வேண்டும், அதில் பெரும்பங்கு மலேசியாவிலிருந்துதான் போனது.

பட்டியலைத் திரும்பப் படித்துப் பாருங்கள். மருத்துவர், தாதி பெயர்களோடு 'பாதுகாப்பு', 'துப்புரவு' என்ற இரண்டு சொற்களும் இருக்கின்றன. கைதட்டல் முன்னவர்களுக்குத்தான் அதிகம் கிடைத்தது. ஆபத்து அப்படிப் பார்த்துப் பிரிந்து வரவில்லை. பிரிட்டனின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2020 மே மாதம் வெளியிட்ட கணக்கில், ஆண்களில் கோவிட் மரண விகிதம் மிக அதிகமாக இருந்த தொழில்களில் ஒன்று பாதுகாவலர் வேலை: 100,000 பேருக்கு 45.7 மரணங்கள். டாக்சி, பஸ் ஓட்டுநர்களும் அந்தப் பட்டியலில் மேலே இருந்தார்கள். வீட்டிலிருந்து செய்ய முடியாத, ஆட்களை நேருக்கு நேர் பார்த்தே ஆக வேண்டிய வேலைகள் இவை. அது பிரிட்டன் கணக்குதான். ஆனால் நம்ம ஊர் ஜாகா வேலையும் அதே வேலைதானே? நாலு பேர் வரும் வாசலில் நிற்கிற வேலை.

கடிதம் இருக்கா?

முதல் வாரங்களில் வைரஸை விட ரோட் பிளாக்தான் பெரிய கவலை. மார்ச் 17ஆம் தேதி மாநிலம் தாண்டிப் பயணம் செய்ய போலீஸ் அனுமதி வேண்டும் என்ற அறிவிப்பு வந்ததும், அந்தப் பாரம் வாங்க போலீஸ் நிலையங்களில் கூட்டம் அலைமோதியது. கூட்டம் கூடாதே என்று போட்ட விதி கூட்டத்தைக் கூட்டியது. பிறகு அது தள்ளிவைக்கப்பட்டது. மார்ச் 22 முதல் போலீசாரோடு ராணுவமும் சாலைத் தடுப்புகளில் நின்றது.

வேலைக்குப் போகிறவர் கையில் முதலாளியின் கடிதம் இருக்க வேண்டும். நிறுவனத்திடம் மித்தி எனப்படும் அனைத்துலக வாணிப, தொழில் அமைச்சின் அனுமதியும் தேவைப்பட்டது. நிரந்தர ஊழியருக்கு இது ஒரு தாள். துணைக் குத்தகையாளரின் கீழ் வேலை செய்கிறவருக்கு அது பெரிய தலைவலி. கட்டடம் ஒரு நிறுவனத்துடையது, துப்புரவுக் குத்தகை இன்னொன்றுடையது, ஆளை அனுப்புவது மூன்றாவது ஏஜென்ட். கடிதத்தில் யார் கையெழுத்து போடுவது? "நாளைக்குத் தர்றேன்" என்று சொல்லிவிட்டால், இன்றைக்கு எப்படிப் போவது? விதியை மீறினால் 1,000 ரிங்கிட் அபராதம். அவசரகாலச் சட்டத்தின் கீழ் 2021 மார்ச் 11 முதல் அது தனிநபருக்கு 10,000 ரிங்கிட் வரை உயர்ந்தது. 1,100 ரிங்கிட் சம்பளக்காரருக்கு அந்த எண் எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

2020 ஏப்ரலில் ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1 ரிங்கிட் 25 காசுக்கு இறங்கியது. நம் தலைமுறையில் யாரும் அந்த விலையைப் பார்த்ததில்லை. ஊர் சுற்ற முடியாத காலத்தில் பெட்ரோல் மலிவு! அதனால் உண்மையில் பயன் அடைந்தது வேலைக்குப் போயே தீர வேண்டியவர்கள்தான். ஆனால் அந்த மிச்சத்தை முகக்கவசம் சாப்பிட்டுவிட்டது. ஏப்ரல் 1 முதல் மூன்றடுக்கு முகக்கவசத்தின் உச்ச விலை ஒன்றுக்கு 1 ரிங்கிட் 50 காசு. போகும்போது ஒன்று, மதியத்துக்குப் பிறகு ஒன்று என்று வைத்தால் 26 வேலை நாளுக்கு 78 ரிங்கிட். மூன்று பேர் வேலைக்குப் போகும் வீட்டில் 234. நவம்பர் 1 முதல் விலை 70 காசுக்கு இறங்கும் வரை பலர் ஒரே முகக்கவசத்தைக் காயவைத்துக் காயவைத்துப் போட்டதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

வரைபடத்தில் இல்லாத கோடு

சிவப்பு மண்டலம், மஞ்சள் மண்டலம், பச்சை மண்டலம் ஞாபகம் இருக்கா? தினமும் வாட்சப்பில் வரும். "நம்ம ஏரியா மஞ்சள்தான்" என்று நிம்மதிப்பட்டவர்கள் உண்டு. ஆனால் அந்த நிறம் மாவட்டத்துக்கு உரியது. ஆட்கள் ஒரு மாவட்டத்தில் தூங்கி இன்னொரு மாவட்டத்தில் வேலை செய்தார்கள்.

இதை மிகத் தெளிவாகக் காட்டியது 2021 மே மாதம். சிலாங்கூரில் மொத்தம் 9 மாவட்டங்கள். மே 6ஆம் தேதி அவற்றில் ஆறில் மட்டும் பி.கே.பி. அமலானது: பெட்டாலிங், கிள்ளான், கோம்பாக், உலு லங்காட், கோல லங்காட், சிப்பாங். வெளியே விடப்பட்ட மூன்றும் வடக்கில் இருப்பவை: கோல சிலாங்கூர், உலு சிலாங்கூர், சபாக் பெர்ணம். தாளில் பார்த்தால் வடக்கு பாதுகாப்பான பக்கம். சாலையில் பார்த்தால், ஜெரம் பக்கத்திலிருந்து காப்பாருக்கு வேலைக்குப் போகிறவர் காலையில் அந்தக் கோட்டைத் தாண்டி உள்ளே போய், மாலையில் அதைத் தாண்டி வெளியே வருகிறார். கோடு மனிதரை நிறுத்தியது, அனுமதிக் கடிதம் விட்டது. வைரஸ் அவரோடு சேர்ந்தே பயணம் செய்தது. ஒரு வாரம்கூட அந்தப் பிரிவு நிலைக்கவில்லை. மே 12 முதல் நாடு முழுக்க பி.கே.பி., ஜூன் 1 முதல் முழு முடக்கம்.

கிள்ளானில் என்ன நடந்தது என்பதை அதற்கு ஆறு மாதத்துக்கு முன்பே பார்த்திருந்தோம். 2020 நவம்பரில் டாப் கிளவ் நிறுவனத்தின் தொழிலாளர் விடுதிகளில் பரவிய தெராத்தாய் கிளஸ்டர், மேருவில் உள்ள தெராத்தாய் சாலையின் பெயரால் அழைக்கப்பட்டது. நவம்பர் 24ஆம் தேதி நாட்டில் பதிவான 2,188 புதிய தொற்றுகள் அதுவரை இல்லாத உச்சம். அதில் பெரும்பகுதி இந்த ஒரே கிளஸ்டரிலிருந்து வந்தது. விடுதியில் இருந்தவர்களைத் தனிமைப்படுத்த ஒரு வேலி போதும். வீட்டிலிருந்து தினமும் வேலைக்கு வரும் உள்ளூர்த் தொழிலாளருக்கு எங்கே வேலி போடுவது?

வேனில் என்ன ஆபத்து?

தோட்டத்து வாசலில் ஆளை ஏற்றிப்போகும் வேன் மலிவு, வசதி. பெண்களுக்கு இரவு ஷிப்டுக்குப் பாதுகாப்பும்கூட. ஆனால் ஏர்கான் ஓடும், கண்ணாடி மூடியிருக்கும், அரைத் தூக்கத்தில் முகக்கவசம் தாடைக்கு இறங்கியிருக்கும்.

மூடிய வண்டியில் எவ்வளவு பரவும் என்பதற்கு ஒரு சீன ஆய்வு நல்ல உதாரணம். 2020 ஜனவரி 19ஆம் தேதி செஜியாங் மாநிலத்தில் ஒரு வழிபாட்டு நிகழ்ச்சிக்கு இரண்டு பஸ்களில் ஆட்கள் போனார்கள். போக 50 நிமிடம், வர 50 நிமிடம். யாரும் முகக்கவசம் அணியாத காலம். ஒரு பஸ்ஸில் 60 பேர், யாருக்கும் பஸ்ஸில் தொற்றவில்லை. இன்னொரு பஸ்ஸில் 68 பேர், அதில் ஒருவருக்குத் தொற்று இருந்தது. முடிவில் அவரையும் சேர்த்து 24 பேருக்குக் கோவிட். அவருக்குப் பக்கத்து இருக்கை மட்டுமல்ல, பல வரிசை தள்ளி உட்கார்ந்தவர்களுக்கும் வந்தது. ஏர்கான் உள்ளேயிருந்த காற்றையே திரும்பத் திரும்பச் சுழற்றியிருந்தது. திறக்கக்கூடிய ஜன்னல் பக்கம் இருந்தவர்கள் பெரும்பாலும் தப்பினார்கள்.

50 நிமிடம். பெஸ்தாரி ஜெயாவிலிருந்து மேருவுக்குப் போகும் நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதுவும் அந்தப் பயணம் ஒரு நாள் மட்டும். இது வாரத்துக்கு ஆறு நாள்.

அப்போது நம்மிடம் வேனுக்குச் சொல்லப்பட்ட எஸ்.ஓ.பி. என்ன? வெப்பநிலை பார், கைத்தூய்மி போடு, ஒரு இருக்கை விட்டு உட்கார், செயலியில் ஸ்கேன் செய். தவறில்லை. ஆனால் ஜன்னலைத் திற என்பதுதான் முதலில் சொல்லியிருக்க வேண்டியது என்று இப்போது தோன்றுகிறது. காற்றில் மிதக்கும் நுண்துகள்கள் வழியே பரவல் நடக்கிறது என்பதை உலக சுகாதார நிறுவனமே தெளிவாக எழுத 2021 ஏப்ரல் கடைசி ஆகிவிட்டது. அதுவரை எல்லோரும் இருக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தோம்.

காருக்கு ஒரு சின்னத் தகவல், இன்றைக்கும் பயன்படும். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020 டிசம்பரில் வெளியிட்ட கணிப்பில், நான்கு ஜன்னலும் திறந்திருப்பதே சிறந்தது. இரண்டுதான் திறக்க முடியும் என்றால், ஓட்டுநரும் பின்னால் இருப்பவரும் அவரவர் ஜன்னலைத் திறப்பதை விட, அவரவருக்கு எதிர்ப்பக்க ஜன்னல்களைத் திறப்பது மேல். இருவருக்கும் இடையில் காற்று ஓடி ஒரு திரை மாதிரி ஆகிவிடும். மழை என்றால்? சிரமம்தான். இரண்டு விரல் அளவு திறப்பு கூட ஒன்றுமில்லாததற்கு மேல்.

இருக்கை பாதி என்றால் வேன்காரருக்கும் கஷ்டம். பாதி ஆள், அதே பெட்ரோல், இரண்டு தடவை ஓட்ட வேண்டும். கட்டணத்தை யார் ஏற்றுக்கொள்வது என்பதை எந்த எஸ்.ஓ.பி.யும் சொல்லவில்லை. அதனால் பலர் மோட்டார் சைக்கிளுக்கு மாறினார்கள். வைரஸுக்கு அது நல்ல தீர்வு, சாலைக்கு அல்ல. நம் நாட்டுச் சாலை மரணங்களில் பாதிக்கும் மேல் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள். கோல சிலாங்கூர், கிள்ளான் சாலையில் லாரிக்கு நடுவில் இருட்டில் ஓட்டிப் போனவர்களுக்கு இதைப் புள்ளிவிவரமாகச் சொல்ல வேண்டியதில்லை.

பாட்டிக்கு என்ன ஆகும்?

கேட்டால் பலரும் ஒத்துக்கொள்ளும் விஷயம் இது. தனக்கு வரும் என்பதல்ல பயம், வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவோமோ என்பதுதான். வெளியே குழாயடியில் கால் கைக் கழுவி, உடுப்பை வாசலிலேயே கழற்றி, பின்பக்கமாக வீட்டுக்குள் போனவர்கள் எத்தனை பேர்! சாவு வீட்டிலிருந்து திரும்பினால் செய்கிற மாதிரி, தினமும்.

தொடர்பில் இருந்தவர் என்று தெரிந்தால் கையில் இளஞ்சிவப்புப் பட்டை, வீட்டுத் தனிமை. இரண்டு அறை, ஒரு கழிப்பறை உள்ள வீட்டில் தனிமை என்பது ஒரு வார்த்தை மட்டுமே. இங்கே இன்னொரு கவலையும் சேர்ந்துகொண்டது: சம்பளம். மருத்துவரின் தனிமைப்படுத்தும் உத்தரவு இருந்தால் அதைச் சம்பளத்தோடு கூடிய மருத்துவ விடுப்பாகக் கருத வேண்டும் என்று மனிதவள அமைச்சு வழிகாட்டியிருந்தது. ஆனால் வருகைப்படி, ஓ.டி. எல்லாம் வேலைக்கு வந்தால்தான். நாள் சம்பளக்காரர்களுக்கு அந்த வழிகாட்டியை முதலாளியிடம் காட்டிப் பேசும் தைரியம் எத்தனை பேருக்கு இருந்திருக்கும்? லேசான காய்ச்சலை மறைத்துக்கொண்டு வேனில் ஏறியவரைக் குற்றம் சொல்வதற்கு முன் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

2021 ஜூன் 16ல் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கான பிகாஸ் தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. நாட்டின் தினசரி எண்ணிக்கை 24,599 என்ற உச்சத்தைத் தொட்டது ஆகஸ்ட் 26ல். அந்த இடைவெளியில்தான் சிலாங்கூர் தன் மோசமான வாரங்களைக் கடந்தது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது?

இது பெருந்தொற்றுக்கு மட்டுமல்ல, நாளைக் காலைக்கும் உதவும். பெர்கேசோ, நம் வழக்கில் சொக்சோ, வேலையிடத்து விபத்தை மட்டும் காப்பதில்லை. 1969ஆம் ஆண்டு தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் 24ஆவது பிரிவுப்படி, வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் நடுவில் நடக்கும் விபத்தும் வேலை விபத்துதான். மதிய உணவுக்குப் போய்வரும் வழியும் சேரும். ஆனால் வழியை விட்டு விலகினால் சிக்கல். வேலை முடிந்து நேரே வராமல் நண்பர் வீட்டுக்குப் போகும் வழியில் விழுந்தால் கோரிக்கை நிராகரிக்கப்படலாம்.

கோரிக்கைக்குப் போலீஸ் புகார், மருத்துவ விடுப்புச் சான்றிதழ், அன்றைய வருகைப் பதிவு, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியின் வரைபடம் எல்லாம் கேட்பார்கள். முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். விடுப்பு நான்கு நாளுக்குக் குறையாமல் இருந்தால் சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் இந்த வேலை விபத்துக் காப்பு உண்டு. கிராப், ஃபூட்பண்டா ஓட்டுகிறவர்களுக்கு 2017ஆம் ஆண்டுத் தனிச் சட்டம் இருக்கிறது.

கோவிட் விஷயம் கொஞ்சம் கடினம். வேலையால் வந்த நோய் என்று சொக்சோ அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் வேலையோடு தொடர்பு காட்ட வேண்டும். மருத்துவமனையிலோ, உறுதியான தொழிற்சாலை கிளஸ்டரிலோ இருந்தவருக்கு அது எளிது. வேனில் தொற்றியதா, கடையில் தொற்றியதா என்று எப்படிக் காட்டுவது? விபத்துக்குச் சாலையில் சறுக்கிய தடம் இருக்கும். காற்றுக்கு இருக்காது. அதனால்தான் அந்தக் காலத்தில் வேனில் யார் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிவைத்த ஓட்டுநர்களின் வேலை, தெரிந்தோ தெரியாமலோ, மிகப் பெரிய உதவி.

அதற்குப் பிறகு இரண்டு சட்டங்கள் மாறியிருக்கின்றன. 2023 ஜனவரி 1 முதல், வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரும்படி எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். மறுக்கக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். 2024 ஜூன் 1 முதல், வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 26ஏ பிரிவு இன்னொரு உரிமை தருகிறது. உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளியிடம் சொல்லியும் அவர் எதுவும் செய்யவில்லை என்றால், அந்த இடத்தை விட்டு விலகலாம். அதற்காகப் பழிவாங்கக் கூடாது.

அந்தப் பிரிவு பேசுவது வேலையிடத்தைப் பற்றி. தோட்டத்து வாசலில் காலை 5 மணிக்கு வந்து நிற்கும் வேன் வேலையிடமா? கம்பெனியே வாடகைக்கு எடுத்த வேன் என்றால் வாதாட இடம் இருக்கிறது. ஆளுக்கு இவ்வளவு என்று நாமே காசு சேர்த்து ஏறும் வேன் என்றால் அது நம் சொந்தப் பயணமாகத்தான் பார்க்கப்படும். உங்கள் வீட்டில் யாராவது வேனில் வேலைக்குப் போகிறார்கள் என்றால், அது இந்த இரண்டில் எது என்று இன்று இரவே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சம்பளச் சீட்டில் போக்குவரத்துக்கு என்று பிடித்திருக்கிறார்களா, வேன் யார் பெயரில் இருக்கிறது, ஓட்டுநருக்குச் சம்பளம் தருவது யார் என்று பார்த்தால் பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.